மூன்றும் வரட்டுமா?

அன்புள்ள ஐயா,

‘தி எக்ஸ்பான்ஸ்’ என்ற விண்வெளி அறிவியல் புனைகதைத் தொடரின் ஒன்பது நாவல்களையும் ஒருவழியாகப் படித்து முடித்தேன். அதே ஆசிரியர் ஜேம்ஸ் எஸ். ஏ. கோரியின் புதிய தொடரில் முதல் நாவலான ‘தி மெர்சி ஆஃப் காட்ஸ்’ வாங்கி மாதக்கணக்கில் அலமாரியில் கிடக்கிறது. எடுக்கப் பயம். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ தொடரில் ஐந்தாவது புத்தகம் 2011இல் வந்தபோதே படித்துவிட்டு, ஆறாவதற்காக வருடக்கணக்கில் காத்து உட்கார்ந்தவன் நான். இந்தத் தொடரை முழுதாக வந்தபின் படிப்பதா, இப்போதே தொடங்கலாமா?

ர., திருநெல்வேலி

அன்புள்ள ர.,

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராதுதான். ஆனால் இது வேறு அடுப்பு. ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்பது டேனியல் ஆபிரஹாம், டை ஃப்ராங்க் என்ற இருவரின் புனைபெயர். இதில் வேடிக்கை, டை ஃப்ராங்க் முன்பு மார்ட்டினிடமே உதவியாளராக இருந்தவர். அந்த அனுபவமோ என்னவோ, 2011இல் தொடங்கிய எக்ஸ்பான்ஸின் ஒன்பதாவது நாவலை 2021இல் கொடுத்து முடித்துவிட்டார்கள். இந்தப் புதிய தொடரோ மூன்று நாவல்களுக்கான திட்டம்தான். அந்த விஷயத்தில் பயப்பட வேண்டாம்.

என் கவலை வேறு. எக்ஸ்பான்ஸின் ருசியைத் தேடி இதை எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். கப்பலில் காபி குடித்துக்கொண்டு அடிக்கும் அரட்டை இங்கே கிடையாது. இது சிறைக்கதை. அஞ்சின் என்ற கோளில் ஒரு ஆய்வுக்கூடம், அதில் பல்கலைக்கழக அரசியல், யார் திட்டத்தை யார் பறிப்பது என்ற இழுபறி. அப்போது காரிக்ஸ் என்ற வேற்றுலக இனம் வந்து மக்களில் எட்டில் ஒரு பங்கைக் கொன்றுவிட்டு, கெட்டிக்காரர்களை மட்டும் பொறுக்கி அள்ளிக்கொண்டு போகிறது.

அதற்குப் பிறகுதான் நாவல் பிடித்துக்கொள்கிறது. கைதிகளுக்கு ஒரு வேலை தரப்படுகிறது: ஒரு உலகத்துப் பெர்ரியை, இன்னொரு உலகத்து ஆமை மாதிரிப் பிராணி தின்று பிழைக்கும்படி செய்ய வேண்டும். எதற்கு என்று யாரும் சொல்வதில்லை. உபயோகமில்லாதவனுக்கு இடமில்லை என்பது மட்டும் தெரியும். இதே வேலையில் இருக்கும் வேறொரு கைதி இனம் வந்து தாக்குகிறது. ஆள் செத்த துக்கத்தோடு அடுத்த சாம்பிளை ஓட்டுகிறார்கள். எத்தனையோ விண்வெளிப் போர்களைப் படித்திருக்கிறேன், இந்தச் சோதனைக்கூட மேஜைதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

அப்புறம், முடிவுக்காகக் காத்திருப்பதில் ஒரு அர்த்தமும் இல்லை. தோற்றது யார், தோற்கடித்தது யார் என்பதை முதல் பக்கத்திலேயே ஒரு காரிக்ஸ் நூலகரின் வாக்குமூலமாகச் சொல்லிவிடுகிறார்கள். டாஃபிட் என்ற கைதி, அந்த ஆய்வுக்கூடத்து உதவி ஆய்வாளன், அடுத்தவர் முகத்தைப் படிப்பதைத் தவிரப் பெரிய திறமை இல்லாதவன், காரிக்ஸை எப்படித் தோற்கடித்தான் என்பதே கதை. என்ன விலை கொடுத்து என்பதன் முதல் தவணை இந்தப் புத்தகத்திலேயே கட்டப்பட்டுவிடுகிறது. பாதியில் அறுந்த மாதிரி இருக்காது.

ஒரு குறை உண்டு. ஆரம்ப அத்தியாயங்களில் பெயர்கள் ஈயாக மொய்க்கும். நான் மளிகைக் கடை பில்லின் பின்பக்கம் எல்லாரையும் எழுதிப் புத்தகத்துக்குள் செருகிவைத்தேன். பாதிக்கு மேல் சீட்டு தேவைப்படவில்லை, பெயர்கள் குறைந்துவிட்டன.

‘லைவ்சூட்’ என்று ஒரு குறுநாவலும் இதே தொடரில் இருக்கிறது. அதை முதலில் தொடாதீர்கள்.

சரி, இந்த வாரக் கடைசியில் அலமாரியைத் திறங்கள். பெர்ரியும் ஆமையும் வரும் இடம்வரை படித்தும் ஒட்டவில்லையென்றால் யாருக்காவது கொடுத்துவிடலாம். என் பிரதியை ஒரு நண்பர் எடுத்துப்போய் ஆறு மாதமாகிறது. மளிகை பில்லும் அதோடு போயிற்று.