மாக் டெஸ்டில் 412 என்றால் என்ன அர்த்தம்?

மகளுக்கு இந்த வாரம் நீட் மாக் டெஸ்டில், அதாவது மருத்துவ நுழைவுத் தேர்வுக்கான மாதிரித் தேர்வில், 412. போன வாரம் 445. கூடப் படிக்கும் பெண்ணுக்கு 530. இதில் எதைப் பார்த்துக் கவலைப்படுவது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றில் எதையும் பார்த்து இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம். அந்த 412 எப்படி வந்தது என்று பாருங்கள்.

கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். மொத்தம் 180 கேள்வி, 720 மார்க்: இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியென்றால் 4 கூடும், தப்பென்றால் 1 குறையும், விட்டால் ஒன்றுமில்லை. இனி விடைத்தாளைப் பிரிப்போம். இயற்பியலில் 18 சரி, 17 தப்பு, 10 விட்டது, ஆக 55. வேதியியலில் 27 சரி, 14 தப்பு, 4 விட்டது, ஆக 94. உயிரியலில் 70 சரி, 17 தப்பு, 3 விட்டது, ஆக 263. இதே 412-ஐ வேறொரு பிள்ளை வேறு விதமாக எடுத்திருக்கலாம். அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய யோசனையும் வேறு.

இந்தத் தாளைப் பார்த்ததும் பெரும்பாலான வீடுகளில் இயற்பியலுக்கு டியூஷன் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கு முன் உயிரியலின் 17 தப்பைப் பாருங்கள். தப்பான ஒரு விடை சரியானால் கூடுவது 4 அல்ல, 5. பிடித்த 1-ம் திரும்பி வருகிறது. அந்த 17-ல் 9 திருந்தினால் 45 மார்க். உயிரியல் கேள்விகள் பெரும்பாலும் என்சிஇஆர்டி (சிபிஎஸ்இ பள்ளிகளில் படிக்கும் மத்திய பாடநூல்) புத்தகத்து வரிகளையும் படங்களையும் அட்டவணைகளையும் ஒட்டியே வருவதால், இது சில வாரங்களில் நடக்கக்கூடிய காரியம். மாநிலப் பாடத்திட்டத்தில் படிப்பவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள்: பாடம் தெரியும், என்சிஇஆர்டி அதைச் சொல்லும் விதம் பழகியிருக்காது. இயற்பியலில் 18-ஐ 27 ஆக்குவதும் முடியும், ஆனால் அதற்கு மாதங்கள் வேண்டும். இரண்டு பேர் சம மார்க் எடுத்தால் யார் முன்னால் என்று முடிவு செய்யவும் முதலில் பார்ப்பது உயிரியல் மார்க்கைத்தான்.

அடுத்து, மொத்தமுள்ள 48 தப்பையும் ஒரு நோட்டில் நான்காகப் பிரிக்கச் சொல்லுங்கள்: பாடமே தெரியாதது, படித்து மறந்தது, தெரிந்தும் தவறவிட்டது, ஊகித்தது. டெஸ்ட் எழுதிய அன்று வேண்டாம், மறுநாள் காலை. இதற்கு மூன்று மணி நேரத் தேர்வைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். இதைச் செய்யாமல் வாரம் மூன்று டெஸ்ட் எழுதுவது, எடை குறைய வேண்டும் என்று தினமும் மிஷினில் ஏறி நிற்பது மாதிரி.

மூன்றாவது வகையைத்தான் வீட்டில் ‘கவனமில்லை’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறோம். கிட்டே போய்ப் பார்த்தால் காரணம் தெரியும். ‘பின்வருவனவற்றுள் தவறான கூற்று எது’ என்ற கேள்வி. முதல் கூற்றைப் படிக்கிறாள், சரியாக இருக்கிறது, அதையே விடையாகக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறாள். ‘தவறான’ என்ற சொல் நான்கு வரி படிப்பதற்குள் மறந்துபோகிறது. ‘தவறான’, ‘பொருந்தாத’, ‘அல்லாத’ என்று எது கண்ணில் பட்டாலும் வினாத்தாளில் உடனே வட்டம் போடுவதுதான் இதற்கு மருந்து. இயற்பியலில் சென்டிமீட்டரை மீட்டராக மாற்ற மறப்பதும் இதே ரகம்: கணக்கு போடும்முன் எல்லா அளவுகளையும் ஒரே அலகில் எழுதிக்கொள்ளும் பழக்கம் வந்தால் நிற்கும். ‘கவனமா எழுதும்மா’ என்று சொல்லி எதுவும் நின்றதில்லை.

நான்காவது வகை, ஊகம். நெகட்டிவ் மார்க் இருக்கிறது, தெரியாததைத் தொடாதே என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக் குறித்தாலும் சராசரியாகக் கேள்விக்கு கால் மார்க் லாபம்தான். இரண்டு விடைகளை உறுதியாக நீக்கிவிட்டால் லாபம் ஒன்றரை மார்க். நஷ்டம் வருவது அரைகுறை ஞாபகத்தால். கேள்வி தயாரிப்பவர் அந்த அரைகுறை ஞாபகத்துக்கென்றே ஒரு விடையை வைத்திருப்பார். உங்கள் மகள் எந்தப் பக்கம் என்பதை அளந்து பார்க்கலாம். ஊகித்த கேள்விகளுக்கு வினாத்தாளில் ஒரு புள்ளி வைக்கட்டும். நான்கைந்து டெஸ்டுகளின் புள்ளிகளை எண்ணுங்கள். ஐந்துக்கு ஒன்று என்ற விகிதத்துக்கு மேல் சரியாக இருந்தால் ஊகம் லாபம், தொடரலாம். அதற்குக் கீழே என்றால் நிறுத்தச் சொல்லுங்கள்.

இயற்பியலில் விட்ட 10 கேள்விகளும் தெரியாமல் விட்டவையா, நேரமில்லாமல் விட்டவையா? வீட்டில் கடிகாரமில்லாமல் அந்தப் பத்தை மட்டும் போடச் சொன்னால் விடை கிடைத்துவிடும். ஆறேழு சரியாக வந்தால் குறை நேரத்தில்தான். உயிரியலுக்கு 50 நிமிடம், வேதியியலுக்கு 50, இயற்பியலுக்கு 65, மீதி 15 சரிபார்க்க என்று ஒரு பங்கீட்டில் தொடங்கி அவளுக்குத் தோதாக மாற்றிக்கொள்ளலாம். ஓஎம்ஆர் தாளில் வட்டம் நிரப்புவதும் இந்த நேரத்துக்குள்தான். கடைசியில் மொத்தமாக நிரப்புகிறவர்கள், ஒரு கேள்வியைத் தாண்டியதை மறந்து அதற்குப் பிறகு எல்லாவற்றையும் ஒரு வரிசை தள்ளி நிரப்பிவிடுவது உண்டு. பக்கத்துக்குப் பக்கம் நிரப்புவது நல்லது. மொபைல் ஆப்பில் எழுதும் டெஸ்டில் இந்தத் தொல்லை இல்லாததால் அங்கே மார்க் சற்றுக் கூடுதலாகவே காட்டும். பழைய புத்தகங்களில் ‘பிரிவு பி’ என்று 15 கேள்வி கொடுத்து 10 எழுதச் சொல்லும் தாள்களும் அப்படித்தான். அந்தச் சலுகை 2025-லேயே போய்விட்டது.

இனி ஒப்பீடு. 445-லிருந்து 412-க்கு இறங்கியது ஒரு தாளின் கடினத்தால் மட்டுமே நடக்கலாம். கடைசி நான்கு முழு டெஸ்டுகளின் சராசரி எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் கவனியுங்கள். தாள் மாறினால் மார்க் எவ்வளவு மாறும் என்பதற்கு நிஜத் தேர்வே சாட்சி. 2024-ல் 700-ஐத் தாண்டியவர்களே இரண்டாயிரத்துக்கு மேல். 2025-ல் நாட்டிலேயே முதல் மார்க் 686. 650-ஐத் தாண்டியவர்கள் 73 பேர்தான். பொதுப்பிரிவுக்கான தகுதி மார்க் 162-லிருந்து 144 ஆனது. ஆகவே 2024-ன் கட்-ஆஃப் பட்டியலை வைத்துக்கொண்டு ‘இந்த மார்க்குக்கு சீட் இல்லை’ என்று மகளிடம் சொல்லாதீர்கள். பழைய பட்டியலில் பார்க்க வேண்டியது ரேங்க்: தமிழ்நாடு கலந்தாய்வில் உங்கள் சமூகப் பிரிவில் கடைசி சீட் எந்த ரேங்க்குக்குப் போனது என்பது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கான பட்டியலைத் தனியாகப் பாருங்கள். அதன் கட்-ஆஃப் வெகுவாகக் குறைவு.

கோச்சிங் சென்டருக்குள் வாங்கும் ரேங்க்கைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைகளை மார்க் பார்த்துப் பிரித்து உட்காரவைக்கும் பேட்சில் நாற்பதாவது இடம் என்றால் என்னவென்று யாருக்கும் சொல்லத் தெரியாது. அதற்குப் பதில் 2025-ன் அசல் வினாத்தாளை, அவள் இதுவரை பார்க்காமலிருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் 2 மணி முதல் 5 மணி வரை ஓஎம்ஆர் தாளோடு எழுதவையுங்கள். லட்சக்கணக்கானோர் எழுதிய தாள் அது. அதில் வரும் மார்க்கை அந்த ஆண்டின் ரேங்க்கோடு நேரடியாக வைத்துப் பார்க்கலாம்.

ஜனவரி வரை வாரம் ஒரு முழு டெஸ்ட் போதும். மார்ச்சில் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடக்கும்போது அதுவும் வேண்டாம். தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவம், வேளாண்மை, பி.எஸ்சி நர்சிங், பி.ஃபார்ம் ஆகியவற்றுக்கான மாநில இடங்கள் பிளஸ் டூ மார்க்கில்தான் நிரம்புகின்றன. நீட்டுக்காகப் பொதுத்தேர்வைக் கோட்டைவிட்டால் இந்தக் கதவுகளும் சேர்ந்து மூடும். பொதுத்தேர்வு முடிந்த பிறகு வாரம் இரண்டு டெஸ்ட் வைக்கலாம். கடைசி முழு டெஸ்ட், தேர்வுக்கு நான்கு நாள் முன்பாவது முடிந்திருக்கட்டும். அதன் மார்க் என்னவென்று நீங்கள் கேட்கவே வேண்டாம்.