பெரிய பட்டத்துக்குப் பங்காளிச் சண்டை: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் வந்த ருஷ்ய இளவரசர்கள் பற்றிய கட்டுரைக்கு ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்துள்ளன. சிலவற்றுக்கு இங்கே பதில்.

*கேள்வி: ராஜா இருந்தால்தானே இளவரசர்? ஊருக்கு ஊர் இளவரசர் என்று எழுதினீர்கள். ராஜா எங்கே போனார்? (தொண்டி வாசகர்)*

பதில்: குழப்பத்துக்கு மொழிபெயர்ப்புதான் காரணம். ருஷ்ய மொழியில் அவர்கள் ‘க்னியாஸ்’. ஆங்கிலத்தில் அதை ‘பிரின்ஸ்’ ஆக்கினார்கள், நாம் ‘இளவரசர்’ ஆக்கிவிட்டோம். குறுநில மன்னர் என்பதே பொருத்தம். ரூரிக் வம்சத்தில் ஆணாகப் பிறந்தால் போதும், தொட்டிலிலேயே க்னியாஸ். அந்த வம்சத்தில் பிறக்காத பிரபு எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் க்னியாஸ் ஆக முடியாது. ஆகவே அந்தப் பெயருக்குச் சண்டை இல்லை. ‘வெலிக்கி க்னியாஸ்’, அதாவது எல்லாருக்கும் மேலான பெரிய பட்டம், ஒன்றே ஒன்றுதான். முதலில் அது கீவ் நகரத்துக்கு உரியதாக இருந்தது, பிறகு விளாதிமிர் நகரத்துக்கு. வெட்டுக்குத்து எல்லாம் அதற்குத்தான்.

*கேள்வி: அப்பாவுக்குப் பின் மகன் என்றால் ஒரே பேச்சில் முடியுமே! ஏன் தம்பிக்குப் போகிறது? (தேவிபட்டினம் வாசகர்)*

பதில்: அவர்கள் வழக்கம் ஏணி முறை. அண்ணன் இறந்தால் அடுத்த தம்பி, அவருக்குப் பின் அதற்கடுத்த தம்பி. தம்பிகள் எல்லாரும் முடிந்த பிறகே மூத்த அண்ணனின் மூத்த மகன். ஒருவர் இறந்தால் கீழே இருப்பவர்கள் ஒவ்வொரு படி ஏறி, ஊரும் மாறுவார்கள். மூன்று பேர் இருக்கும்வரை இது ஓடும். பேரன்கள் முப்பது பேர் ஆனதும் கடைசிச் சித்தப்பாவைவிட மூத்த அண்ணன் மகனுக்கு வயது கூடிவிடும். அங்கே தகராறு தொடங்கும். 1097ல் லியூபெச்சில் கூடி, ‘அவரவர் தகப்பன் மண் அவரவருக்கே’ என்று சத்தியம் செய்தார்கள். அதே ஆண்டிலேயே வசீல்கோ என்ற க்னியாஸைப் பிடித்துக் கண்ணைப் பிடுங்கினார்கள்.

ஏணியில் ஒரு முக்கியமான விதி உண்டு. தன் முறை வருவதற்கு முன்பே ஒருவர் இறந்துவிட்டால் அவர் பிள்ளைகளுக்கும் பெரிய பட்டத்தில் உரிமை இல்லை. மாஸ்கோவின் தனியேல் 1303ல் இறந்தார். பெரிய பட்டத்தில் இருந்த அவருடைய அண்ணன் அந்திரேய் இறந்தது 1304ல். தனியேலின் மகன்கள் யூரி, இவான் இருவரும் அந்த ஓராண்டு வித்தியாசத்தில் உரிமை இழந்தவர்கள். முறைப்படி பட்டம் த்வேர் நகரத்து மிகயிலுக்கு. பிற்காலத்தில் ருஷ்யா முழுவதையும் ஆண்ட மாஸ்கோ குடும்பம் இப்படி உரிமையே இல்லாத இடத்திலிருந்து கிளம்பியது என்பதை மறந்துவிட்டால், அடுத்து வரும் எதுவும் புரியாது.

*கேள்வி: கானிடம் பட்டம் ‘வாங்கினார்கள்’ என்றால், நிஜமாகவே விலை கொடுத்தா? (பாம்பன் வாசகி)*

பதில்: ஏறக்குறைய அப்படித்தான். மங்கோலியர் படையெடுத்து வந்த 1237–40க்குப் பிறகு பெரிய பட்டம் செல்ல வேண்டுமானால் அவர்களின் அரசரான கானின் முத்திரையிட்ட ஆணை வேண்டும். அதற்கு யார்லிக் என்று பெயர். வோல்கா நதியின் கீழ்க்கோடியில் இருந்த சராய் நகரத்துக்கு நேரில் போக வேண்டும். கையில் வெள்ளியும் விலையுயர்ந்த மென்மயிர்த் தோல்களும். கானுக்கு மட்டும் கொடுத்தால் வேலை நடக்காது. அவர் மனைவியர், அதிகாரிகள் என்று ஒவ்வொரு வாசலிலும் இறக்க வேண்டும். மாதக்கணக்கில் காத்திருப்பு. ஆணை கிடைத்தால் கானின் தூதர் கூடவே வந்து விளாதிமிர் தேவாலயத்தில் ஆளை உட்கார வைப்பார்.

இதில் கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. கான் மாறினால் மறுபடியும் போய்ப் புதுப்பிக்க வேண்டும்: உஸ்பெக் கான் பட்டமேறியதும் மிகயில் போனார், திரும்ப இரண்டு வருடம் ஆயிற்று, அதற்குள் யூரி நொவ்கொரோத் நகரத்தைத் தன் பக்கம் இழுத்துவிட்டார். அடுத்தது கடன். 1371ல் த்வேர் இளவல் ஒருவர் 10,000 ரூபிள் கடனுக்குச் சராயில் பிணையாக நிறுத்தப்பட்டிருந்தார். மாஸ்கோ அந்தத் தொகையைக் கட்டி, பையனைத் தன் ஊருக்கு இழுத்துப் போனது. (அன்றைய ரூபிள் நாணயம் அல்ல, வார்த்த வெள்ளிக்கட்டி, நொவ்கொரோத் கட்டி சுமார் 200 கிராம்.) மூன்றாவது, கப்பத்தில் கை வைப்பது. பெரிய பட்டக்காரர்தான் மற்றவர்களின் கப்பத்தையும் வசூலித்துக் கானிடம் சேர்ப்பவர். பட்டத்தின் ருசியே அதில்தான். யூரி, த்வேர் கொடுத்த 2000 ரூபிளைத் தூதரிடம் ஒப்படைக்காமல் நொவ்கொரோத்துக்குக் கொண்டுபோனார். 1322ல் பட்டம் பறிபோனது.

*கேள்வி: உஸ்பெக் கான் முஸ்லிம். தங்கையைக் கிறிஸ்தவருக்கு எப்படிக் கொடுத்தார்? (கீழக்கரை வாசகர்)*

பதில்: உஸ்பெக் இஸ்லாத்தை அரச மதமாக்கியவர், ஆனால் ருஷ்யத் தேவாலயத்துக்குக் கப்ப விலக்கு தொடர்ந்தது. தங்கை கொன்சாகா ஞானஸ்நானம் பெற்று அகாஃபியா என்ற பெயரில் யூரியை மணந்தார். சீதனத்தோடு பட்டமும் வந்தது. 1317 டிசம்பரில் பொர்த்தெனேவோ போரில் மிகயில் ஜெயித்தார், ஆனால் கொன்சாகா அவர் கையில் கைதியாகி த்வேரில் இறந்துபோனார். விஷம் வைத்தார் என்று யூரி போய்ச் சொன்னார். 1318ல் கானின் முகாமில் மிகயில் கொல்லப்பட்டார். 1325ல் மிகயிலின் மகன் த்மித்ரி சராயில் யூரியை வெட்டினார். மறு வருடம் அவர் தலையும் போனது. கடைசியில் பட்டம் யூரியின் தம்பி இவானிடம் வந்து நின்றது. அவருக்கு ‘கலித்தா’ என்று பட்டப்பெயர். நம் வழக்கில் சுருக்குப்பை. அண்ணன் செய்த தப்பைச் செய்யாமல் கப்பத்தைக் கணக்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்.

*கேள்வி: ஒட்டியாணத்துக்காகப் போர் நடந்ததாமே? (திருப்புல்லாணி வாசகி)*

பதில்: ஒட்டியாணம் சாக்கு. மூலகாரணம் ஓர் உயில். கலித்தாவின் பேரன் த்மித்ரி தொன்ஸ்கோய் 1389ல் பெரிய பட்டத்தைக் கானைக் கேட்காமல் குடும்பச் சொத்து போல மகன் வசீலிக்கு எழுதிவைத்தார். வசீலி இறந்தால் அவர் பங்கு அடுத்த தம்பிக்கு என்றும் அதில் இருந்தது. எழுதும்போது வசீலிக்குப் பிள்ளை இல்லை. 1425ல் வசீலி இறந்தபோது பத்து வயது நிரம்பாத மகன், இரண்டாம் வசீலி, இருந்தான். இறந்தவரின் தம்பி யூரி (முன்பு சொன்ன யூரி அல்ல) உயிலைக் காட்டினார்.

1432ல் வழக்கு கானிடம் போனது. மாஸ்கோவின் பிரபு வ்ஸெவொலோஷ்ஸ்கி சாமர்த்தியக்காரர்: “யூரி செத்த மனிதரின் காகிதத்தை நம்பி வருகிறார், எங்கள் பையன் உங்கள் தயவை நம்பி வருகிறான்” என்கிற போக்கில் வாதாடினார். கான் மயங்காமல் என்ன செய்வார்!

1433 பிப்ரவரியில் இரண்டாம் வசீலிக்குக் கல்யாணம். யூரியின் மகன் வசீலி கொஸோய் பொன்னில் கல் பதித்த இடைக்கச்சை கட்டிக்கொண்டு வந்தார். அது எங்கள் வீட்டுச் சீர், பழைய கல்யாணத்தில் மாற்றித் திருடப்பட்டது என்று யாரோ காதில் போட, மாப்பிள்ளையின் தாய் ஸோஃபியா சபையில் எழுந்துபோய் அதை அவர் இடுப்பிலிருந்து உருவிவிட்டார். ஏப்ரலில் யூரி படையோடு வந்து மாஸ்கோவைப் பிடித்தார். பிறகு நடந்ததுதான் நமக்கு இன்னும் சுவையாகப் படுகிறது. தோற்ற பையனுக்குக் கொலோம்னா நகரத்தைக் கொடுத்து அனுப்பினார் யூரி. மாஸ்கோ பிரபுக்கள் மூட்டை கட்டிக்கொண்டு பையன் பின்னாலேயே போய்விட்டார்கள். புது எஜமான் வந்தால் தங்கள் இடத்தில் அவர் ஆட்கள் உட்கார்ந்துவிடுவார்கள் என்ற பயம். ஆள இடம் இருந்தது, ஆள் இல்லை. யூரி தாமே பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

மறு வருடம் மீண்டும் பிடித்தார், ஜூனில் இறந்தார். சண்டை அடுத்த தலைமுறைக்கு இறங்கியது. 1436ல் இரண்டாம் வசீலி, கொஸோயின் கண்ணைக் குருடாக்கினார். 1446ல் கொஸோயின் தம்பி ஷெம்யாகா, வசீலியின் இரு கண்களையும் பறித்தார். பார்வையில்லாத வசீலி மறு வருடமே மாஸ்கோவுக்குத் திரும்பினார், 1462வரை ஆண்டார்.

*கேள்வி: நம் சேதுபதிகள் கதையும் இதுதானே? (ராமநாதபுரம் வாசகர்)*

பதில்: பாதி இதுதான். பவானி சங்கரத் தேவர் தஞ்சை மராட்டியரின் துணையோடு பட்டமேறினார். பின்னர் கட்டயத் தேவரும் சசிவர்ணத் தேவரும் அதே தஞ்சைக்குப் போய்ப் படை பெற்று வந்து அவரை இறக்கினார்கள். சராய் வாசலில் மிகயிலும் யூரியும் நின்றதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. ஆனால் 1730ஐ ஒட்டி இங்கே சீமை ஐந்தாகப் பிரிந்து, இரண்டு பங்கு சிவகங்கை ஆனது. அங்கே கான் ஒருமுறை, 1328ல், பெரிய பட்டத்துக்குரிய நிலத்தை இருவருக்குப் பிரித்துப் பார்த்தார். மற்றவர் நான்கு வருடத்துக்குள் இறந்துவிட, முழுவதும் சுருக்குப்பை இவானிடம் போனது.

*கேள்வி: ‘ஜார்’ என்ற பட்டம் எப்போது வந்தது? (சாயல்குடி வாசகர்)*

பதில்: முடிசூட்டிக்கொண்டு அந்தப் பெயரை முதலில் ஏற்றவர் நான்காம் இவான், 1547 ஜனவரி 16. அதற்கு முன்பு ருஷ்யர்கள் ஜார் என்று அழைத்தது பைசாந்தியப் பேரரசரையும், சராயில் இருந்த கானையும்.