ஆளில்லாத டாக்ஸியில் அம்மா ஏறலாமா?

வாகனப் பக்கத்துக்கு வந்த கடிதங்களில் சாரதியில்லாத டாக்ஸி பற்றியவற்றை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் மகன் எங்களை வரச் சொல்லியிருக்கிறார். வேமோ நிறுவனத்தின் ஆளில்லாத டாக்ஸியில்தான் ஊர் சுற்றிக் காட்டுவாராம். எனக்கு 68 வயது, முழங்கால் வருத்தம். துணிந்து ஏறலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தாராளமாக ஏறலாம் அம்மா. மகன் செயலியில் கூப்பிட்டதும் வரும் வண்டியின் கூரைக் குமிழில் அவருடைய பெயரின் முதலெழுத்துகள் ஒளிரும். அங்கே ஒரே மாதிரி வெள்ளை ஜகுவார்கள் ஓடுவதால் அதைப் பார்த்தே ஏற வேண்டும். செயலியில் திறக்கச் சொன்னால்தான் கதவின் கைப்பிடி வெளியே வரும். சாரதி ஆசனத்தில் யாரும் உட்காரக் கூடாது. பெல்ட்டைப் போட்டு, திரையில் உள்ள தொடக்க பொத்தானை அழுத்தினால் வண்டி நகரும். இடையில் இறங்க வேண்டுமென்றால், ஓரமாக நிறுத்தச் சொல்லவும் பொத்தான் உண்டு.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, 5.67 கோடி மைல் ஓட்டத்தை வைத்து எழுதப்பட்ட ஆய்வில், பாதசாரிகள் காயப்படும் விபத்துகள் மனிதர் ஓட்டுவதைவிட 92 சதவீதம் குறைவு. எழுதியவர்கள் வேமோவின் ஆட்கள்தான். அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தொல்லை தரப்போவது இறங்குமிடம். எங்கள் த்ரீவீல் அண்ணாவிடம் "அந்தக் கேற்றடியில் விடுங்கோ" என்று சொல்வதுபோல் இதனிடம் சொல்ல முடியாது. சட்டப்படி நிறுத்தக்கூடிய இடத்தில் நிற்கும். அது வாசலைத் தாண்டியும் இருக்கலாம். அந்த ஊர் ஏற்ற இறக்கத்தில் ஐம்பது அடி நடப்பதும் முழங்காலுக்குக் கஷ்டம். பயணத்தைப் பதியும்போதே இறங்கும் புள்ளியைச் சமதரைக்கு நகர்த்திவிடச் சொல்லுங்கள். இறங்கியதும் கதவை இறுக்கிச் சாத்துங்கள். கதவு சரியாகச் சாத்தப்படாவிட்டால் வண்டி அந்த இடத்தைவிட்டு அசையாது.

கேள்வி: அப்படி நல்ல வண்டியென்றால் சனம் ஏன் அதைக் கொளுத்துகிறது?
– வாசகர், தெஹிவளை

பதில்: நீங்கள் பார்த்த வீடியோ 2024 பெப்ரவரி 10 இரவு சான் பிரான்சிஸ்கோ சைனாடவுனில் நடந்ததாக இருக்கலாம். கூட்டம் கண்ணாடியை உடைத்து உள்ளே பட்டாசைப் போட்டது. வண்டியில் ஆள் இருக்கவில்லை. 2025 ஜூனில் லொஸ் ஏஞ்சல்ஸ் ஆர்ப்பாட்டங்களிலும் சில எரிந்தன.

சைனாடவுன் தீக்கு முன்பே கோபம் ஊறியிருந்தது. 2023 கோடையில் வீதிக் கூம்பொன்றைப் பொனற்றில் வைத்தால் வண்டி குழம்பி நின்றுவிடும் என்று கண்டுபிடித்தவர்கள், அதையே போராட்டமாக்கினார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 2ஆம் திகதி, வேறொருவர் ஓட்டிய கார் மோதித் தூக்கியெறிந்த ஒரு பெண், குரூஸ் நிறுவனத்தின் ஆளில்லா வண்டிக்கு முன்னால் விழுந்தார். வண்டி பிரேக் போட்டும் அவர்மேல் மோதி, பின் நின்றது. பக்கவாட்டில் ஏதோ இடித்ததாகத் தவறாகக் கணித்து, விதிப்படி ஓரங்கட்டப் புறப்பட்டது. அடியில் சிக்கியிருந்தவர் ஏறக்குறைய 20 அடி இழுபட்டார். மனிதச் சாரதியென்றால் இறங்கிக் குனிந்து பார்த்திருப்பார்.

எங்கள் கணிப்பில் அந்த நிறுவனத்தை வீழ்த்தியது விபத்தல்ல, மூடிமறைப்பு. இழுபட்ட விடயத்தை ஒழுங்காகச் சொல்லவில்லை என்று ஒக்டோபர் 24ஆம் திகதி கலிபோர்னியா அனுமதியை நிறுத்தியது. பொய் அறிக்கை கொடுத்ததை 2024இல் ஒப்புக்கொண்டு குரூஸ் 5 லட்சம் டொலர் தண்டம் கட்டியது. அந்த டிசம்பரில் அதன் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டர்ஸ், குரூஸின் ஆளில்லா டாக்ஸிக்குப் பணம் போடுவதையே விட்டுவிட்டது.

அமெரிக்க ஓட்டுநர்களிடம் ஏஏஏ என்ற வாகன ஓட்டுநர் சங்கம் 2025இல் கேட்டபோது தானோட்டி வண்டியை நம்புவோம் என்றவர்கள் 13 சதவீதம், பயம் என்றவர்கள் 61 சதவீதம்.

கேள்வி: கரண்ட் போய் சிக்னல் அணைந்தால் அது என்ன செய்யும்? உண்மையில் எங்கோ இருந்து ஒருவர் ரிமோட்டில் ஓட்டுகிறார் என்கிறார்களே?
– வாசகர், மட்டக்குளி

பதில்: பாணந்துறையில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டு, 2025 பெப்ரவரி 9ஆம் திகதி முழு இலங்கையும் இருண்டதைக் கண்டவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான். சான் பிரான்சிஸ்கோவில் அதே ஆண்டு டிசம்பர் 20ஆம் திகதி பெரிய மின்தடை வந்தது. அணைந்த சிக்னலில், எல்லாப் பக்கமும் நின்று போக வேண்டிய நாற்சந்தி போல் நின்று, முறை பார்த்துப் போக வேமோவுக்குத் தெரியும். ஆனால் சந்தேகம் வந்த வண்டிகள் "போகலாமா?" என்று நிறுவனத்தின் உதவி நிலையத்தில் இருக்கும் ஆட்களைக் கேட்டன. எல்லாம் ஒரே நேரத்தில் கேட்டதால் பதில் தாமதித்து, சந்திகளில் அப்படியே நின்றுவிட்டன. உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. நிலையத்தில் இருப்பவர் ஸ்டியரிங் பிடிப்பதில்லை. கேட்டதற்கு வழி சொல்வார், ஓட்டுவது வண்டிதான்.

கேள்வி: இருபது வருசமாக த்ரீவீல் ஓடுகிறேன். இது கொழும்புக்கு வந்தால் எங்கள் பிழைப்பு?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: கிட்டடியில் பயமில்லை. இடப்பக்கம் ஓடுவது ஒரு தடையல்ல. சிங்கப்பூரும் இடப்பக்கம்தான், அங்கே 2016இலேயே பயணிகளை ஏற்றிப் பரீட்சித்தார்கள். தடை வேறிடத்தில். இவ்வகை வண்டி ஓடுமுன் ஒவ்வொரு வீதியின் ஓரக்கல், கோடு, சிக்னல் எல்லாவற்றையும் சென்ரிமீற்றர் கணக்கில் வரைபடமாக்குவார்கள். கமராவும், லேசர் ஒளியால் தூரம் அளக்கும் லைடாரும், ராடரும் காண்பதை வண்டி அதனுடன் ஒப்பிட்டுக்கொண்டே போகும். புறக்கோட்டை பிரதான வீதியில் காலை ஏழு மணிக்கு எடுத்த படம் பத்து மணிக்கு உதவுமா? நடைபாதைக் கடை இறங்கியிருக்கும், லொறி மூடை இறக்கும், நாட்டாமி கைவண்டியை எதிர்த்திசையில் இழுத்து வருவார். காலி வீதியில் பஸ் மூக்கை நுழைக்கும்போது நீங்கள் ஹோர்ன் அடித்து, கையைக் காட்டி, அரை அடி முன்னே எடுத்து உரிமையை வாங்குவீர்கள். மரியாதையாக நிற்கப் பழக்கிய வண்டி நின்றபடியே இருக்கும்.

லைடாரும் கணினியும் பூட்டிய காரின் விலையை, கொழும்பில் ஒரு சாரதிக்குக் கொடுக்கும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து எடுக்க நெடுங்காலமாகும். எங்கள் மோட்டார் போக்குவரத்துச் சட்டமும் 1951இல் மனிதச் சாரதியை நினைத்து எழுதப்பட்டது. ஆனாலும் 2024இல் சீனாவின் வுஹானில் பைடு நிறுவனத்தின் ஆளில்லா டாக்ஸிகளின் மலிவுக் கட்டணத்துக்கு எதிராக டாக்ஸிக்காரர்கள் குரலெழுப்பினார்கள். அகலமான புது வீதியும் மலிவான மின்சார வண்டியும் சேருமிடத்தில் இது வேகமாகப் பரவும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

கேள்வி: ஜப்பானில் இருந்து வந்த என் ரிகொண்டிஷன் காரில் தானாக பிரேக் பிடிக்கும் வசதி உண்டு. முன் கண்ணாடி மாற்றியதில் இருந்து மஞ்சள் லைட் எரிகிறது. இதுவும் தானோட்டிதானே?
– வாசகர், வத்தளை

பதில்: இல்லை. அது உதவி மட்டும். ஓட்டுவதும் பொறுப்பும் உங்களுடையது. பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கமரா, முன் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறது. கண்ணாடியைக் கழற்றிப் பூட்டும்போது அதன் கோணம் ஒரு இழை மாறினாலும் தூரத்தில் உள்ள வண்டி பக்கத்து லேனில் இருப்பதாகக் கணக்காகும். மட்டமான தரையில், உற்பத்தியாளர் சொன்ன தூரத்தில் இலக்குப் பலகை வைத்து ஸ்கானரால் சீராக்க வேண்டும். வெறுமனே லைட்டை அழித்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். அதற்கு முன், கண்ணாடி அந்த மொடலுக்குரியதா, கமராவுக்கு முன்னால் ரின்ற் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சீராக்கும்வரை அந்த பிரேக்கை நம்பி ஓடவேண்டாம்.