உரிஞ்ச மயலின் திரும்ப வளருமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல நரம்பு பத்தி எழுதுனதுக்கு சேலம் பக்கத்துல இருந்து மட்டும் நெறைய கடிதம் வந்துச்சு. அதுல நாலு கேள்விய எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: எங்க அக்காவுக்கு 31 வயசு. போன வருஷம் ஒரு கண்ணு மங்கலாகி தானா சரியாச்சு, இப்ப எடது கால் மரத்துப்போய் இழுத்து இழுத்து நடக்குது. எம்.ஆர்.ஐ எடுத்துட்டு எம்.எஸ்னு சொல்லிட்டாங்க, அதாவது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், ஒடம்போட எதிர்ப்பு சக்தியே மயலின தாக்கற நோயாம், மூளைல அங்கங்க மயலின் உரிஞ்சிருக்காம். நாங்க கொலுசுப் பட்டறை வச்சிருக்கோம், எனக்குப் புரிஞ்ச வரைக்கும் மயலின்னா வயர் மேல இருக்கற இன்சுலேஷன் மாதிரி. அப்ப உரிஞ்ச எடத்துல திரும்ப சுத்த முடியாதா?
— வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: தம்பி, உங்க கடிதத்த மூணு தடவ படிச்சேன். வயர் இன்சுலேஷன்னுதான் எல்லாரும் சொல்றாங்க, நானும் பல வருஷம் அப்பிடித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன், ஆனா அந்த உதாரணம் ஒரு எடத்துல நம்மள ஏமாத்திரும். வயர் மேல இருக்கற பிளாஸ்டிக்குக்கு உயிர் கிடையாது, மயலினுக்கு உயிர் இருக்கு. ஒலிகோடென்ட்ரோசைட்னு ஒரு செல், அது தன்னோட சவ்வையே நீட்டி நரம்பு இழைய சுத்தி சுத்திப் போர்த்துது, அந்தப் போர்வைதான் மயலின். ஒரே செல்லு கைய நீட்டி நீட்டி 40, 50 எடத்துல கூட புடிச்சிருக்கும். மயலினோட எடைல தண்ணி போக மிச்சத்துல 100க்கு 70, 80 பங்கு கொழுப்புதான், அதனாலதான் மூளைய அறுத்துப் பாத்தா அந்தப் பகுதி வெள்ளையா தெரியுது.

உங்க பட்டறைக்கும் இதுக்கும் ஒரு சொந்தம் இருக்கு. இந்தச் செல்ல உலகத்துக்குக் காட்டுனதே வெள்ளிதான். ஸ்பெயின்ல பியோ தெல் ரியோ ஒர்த்தேகான்னு ஒருத்தர், மூளைய மெல்லிசா சீவி வெள்ளி கார்பனேட் கரைசல்ல ஊறப் போட்டாரு, வெள்ளி போய் ஒட்டுன செல்லெல்லாம் கறுப்பா எழும்பி நின்னுச்சு, அதுவரைக்கும் யாருக்கும் ஒழுங்கா தெரியாம இருந்த சின்னச் சின்ன செல்லுங்க. 1921ல அதுக்குப் பேரு வச்சாரு. பேருக்கு அர்த்தம் கொஞ்சமா கிளை உள்ள செல்லுன்னு. ஆனா அந்தக் கிளையோட நுனி ஒவ்வொண்ணும் மயலினா விரிஞ்சு போறது அந்தச் சாயத்துல முழுசா தெரியல, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்த பின்னாடி 1960கள்லதான் மூளைல மயலின் போடறது இதுதான்னு உறுதியாச்சு.

சரி, சுத்தறது எப்பிடின்னு கேட்டீங்கன்னா, வயர்ல டேப் சுத்துனா புது சுத்து வெளிய மேல மேல வரும்ல, இங்க நேர்மாறு. 2014ல எலியிலயும் வரிக்குதிரை மீன்லயும் பாத்தது என்னன்னா, புது சுத்து உள்ள நரம்ப ஒட்டி, ஏற்கனவே இருக்கற சுத்துங்களுக்கு அடியில நுழைஞ்சு போகுது. அதே மாதிரி வரிக்குதிரை மீன் குஞ்சுல ஒரு ஒலிகோடென்ட்ரோசைட் எத்தன எடத்துல புடிக்கணுமோ அத்தனையையும் சுமார் 5 மணி நேரத்துக்குள்ள முடிவு பண்ணிருது, அதுக்கு அப்புறம் புதுசா புடிக்கிறது ரொம்ப அபூர்வம். இன்னொண்ணும் சொல்லணும், இந்தச் செல்லு சும்மா போர்த்திக்கிட்டு மட்டும் இல்ல, உள்ள இருக்கற நரம்பு இழைக்கு லாக்டேட்டா சாப்பாடும் குடுக்குதுன்னு 2012ல ரெண்டு ஆராய்ச்சிக் குழு காட்டுச்சு. அதனால மயலின் போனா சிக்னல் மெதுவாகறது மட்டும் இல்ல, நாளாக நாளாக நரம்பே பட்டினில காயுது. உங்க அக்காவுக்கு சீக்கிரம் மருந்து ஆரம்பிக்கணும்னு டாக்டர் அவசரப்படுத்தறது இதுக்காகத்தான், தள்ளிப் போடாதீங்க.

இப்ப உங்க கேள்வி, திரும்ப சுத்த முடியாதான்னு. முடியும் தம்பி, ஒடம்பு அத தானாவே செய்யுது. 1961லயே ரிச்சர்ட் பங்கே, மேரி பங்கே ரெண்டு பேரும் வளந்த பூனையோட தண்டுவடத்துல உரிஞ்ச மயலின் மறுபடி வந்தத படம் புடிச்சுக் காட்டிட்டாங்க. புதுசா வர்றது முன்ன இருந்தத விட மெல்லிசா, நீளம் கம்மியா இருக்கும், ஆனா வேல செய்யும். உங்க அக்காவோட கண்ணு தானா தெளிஞ்சதுல வீக்கம் கொறஞ்சது பெரிய பங்கு, மயலின் கொஞ்சம் திரும்பி வந்ததும் அதுல சேந்திருக்கலாம்.

புது மயலின் போடறது பழைய செல்லு இல்ல, பெரும்பாலும் ஓ.பி.சின்னு சொல்ற, பின்னாடி ஒலிகோடென்ட்ரோசைட்டா வளரக்கூடிய குட்டிச் செல்லுங்க. பெரியவங்க மூளைலயும் மொத்த செல்லுல 100க்கு 5 கிட்ட இதுதான், வாழ்நாள் பூரா இருக்கும். 1983ல மார்ட்டின் ராஃபும் அவரோட கூட்டாளிகளும் எலியோட கண் நரம்புல இருந்து இத மொத மொதல்ல பிரிச்சு எடுத்தாங்க. நான் லேப்ல இருந்த காலத்துல எலிக்குட்டியோட செல்ல வளத்துப் பாத்திருக்கேன். மொத நாள் பாத்தா நூல் கண்டு மாதிரி நடுவுல ஒரு பொட்டு, ரெண்டு பக்கமும் ரெண்டு வாலு, அவ்ளோதான், அங்கயும் இங்கயும் நகந்துக்கிட்டு இருக்கும். பெருக வைக்கிற சத்த எடுத்துட்டு தைராய்டு ஹார்மோன் குடுத்தா ரெண்டு மூணு நாள்ல கிளை மேல கிளை விட்டு, அந்தக் கிளைகளுக்கு நடுவுல மெல்லிசா ஒரு ஏடு படரும், ஆறுன பால்ல ஏடு கட்டுமே அது மாதிரி. போர்த்தறதுக்கு நரம்பே இல்ல, வெறும் கண்ணாடித் தட்டு, ஆனாலும் அது விரிச்சுப் போட்டுச்சு. அந்தக் காட்சி இன்னைக்கும் என் கண்ணுலயே இருக்கு.

எம்.எஸ்ல வேதனை என்னன்னா, மயலின் போன எடத்துல இந்த ஓ.பி.சி பல நேரம் இருக்கு, கிட்டயே வந்து நிக்கிது, ஆனா வளந்து ஒலிகோடென்ட்ரோசைட்டா மாறாம வாசப்படிலயே நின்னுருது. அத உள்ள தள்ளி விடறதுக்குத்தான் இன்னைக்கு ஆராய்ச்சி. கிளமாஸ்டின்னு ஒரு பழைய அலர்ஜி மருந்து லேப்ல இந்தச் செல்லுங்கள மாற வச்சதப் பாத்துட்டு, 50 நோயாளிங்ககிட்ட கலிஃபோர்னியால ட்ரயல் பண்ணி 2017ல வெளியிட்டாங்க. உங்க அக்காவுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்திருப்பாங்க, இருட்டு ரூம்ல உக்கார வச்சு பின்மண்டைல ஒயர் ஒட்டி, திரைல கறுப்பு வெள்ளைக் கட்டம் மாறி மாறி வரும். கண்ணுல பட்டது மூளைக்குப் போய்ச் சேர நல்லா இருக்கறவங்களுக்கு 100 மில்லிசெகண்டு கிட்ட ஆகும், மயலின் உரிஞ்சா லேட்டாகும். அந்த மருந்துல லேட்டு 1.7 மில்லிசெகண்டு கொறஞ்சுச்சு. கொஞ்சந்தான், ஆனா பழைய காயத்துலயும் செல்ல உள்ள தள்ளலாம்னு மனுஷங்ககிட்ட கெடச்ச அடையாளம் அது. அதுக்காக மெடிக்கல்ல போய் அந்த மாத்திரைய வாங்கிப் போட்றாதீங்க, பின்னாடி நடந்த வேற ஒரு சின்ன ட்ரயல்ல சிலருக்கு நோய் வேகமாகி அத நிறுத்திட்டாங்க. இப்ப கையில இருக்கற மருந்தெல்லாம் புதுசா உரியாம காப்பாத்துற மருந்து, அத விடாம எடுக்கறதுதான் உள்ள இருக்கற ஓ.பி.சிக்கு நீங்க குடுக்கற அவகாசம்.

கேள்வி: ஸ்வான் செல்லுக்கும் ஒலிகோடென்ட்ரோசைட்டுக்கும் என்ன வித்தியாசம்? மயலின் இருந்தா ஏன் வேகம்?
— பிளஸ் டூ மாணவி, ஆத்தூர்

பதில்: கண்ணு, கை கால் நரம்புல ஸ்வான் செல், ஒரு செல்லுக்கு ஒரே ஒரு துண்டுதான். மூளை, தண்டுவடத்துல ஒலிகோடென்ட்ரோசைட், அது பல துண்டு. மயலின் இல்லாத நரம்புல சிக்னல் செகண்டுக்கு அரை மீட்டர்ல இருந்து 2 மீட்டர் வரைக்கும் போகும், மயலின் இருந்தா 120 மீட்டர் வரைக்கும். துண்டுக்குத் துண்டு நடுவுல விட்டிருக்கற எடைவெளிக்கு ரான்வியர் கணுன்னு பேரு, அங்க மட்டும்தான் மின்சாரம் புதுசா எழும்பும், நடுவுல இருக்கற தூரத்த தாண்டிரும். கரும்புல கணு இருக்கற மாதிரி படம் வரஞ்சுக்கோ, மறக்காது.

கேள்வி: எங்க பையன் 30 வாரத்துலயே பொறந்துட்டான். இப்ப 14 மாசம், இன்னும் நிக்கல, புடிச்சு உக்காந்து எந்திரிக்க பாக்கறான். ஸ்கேன்ல மயலின் லேட்டுன்னு எழுதியிருக்கு. மாசம் ரெண்டு தடவ 20 கொண்டை ஊசி வளைவு எறங்கி சேலம் வந்து தெரபி குடுக்கறோம். எல்லாரும் பாதாம் அரச்சுக் குடுங்கறாங்க, நெய் ஊத்துங்கறாங்க. எது குடுத்தா மயலின் வளரும்?
— ஒரு தாய், ஏற்காடு

பதில்: அம்மா, மொதல்ல மாசத்த திருத்திக்குங்க. பையன் 10 வாரம் முன்னாடி வந்தவன், அப்ப அவனுக்கு இப்ப 14 மாசம் இல்ல, பதினொண்ணே முக்கால் மாசம் கிட்டத்தான். அந்தக் கணக்குல புடிச்சு எந்திரிக்கப் பாக்கறது எவ்ளோ நல்ல சேதி. பக்கத்து வீட்டுக் கொழந்தையோட ஒப்பிட்டு மனச வருத்திக்காதீங்க.

23 வாரத்துல இருந்து 32 வாரம் வரைக்கும் கொழந்த மூளைல ஒலிகோடென்ட்ரோசைட்டா மாறப்போற செல்லுங்க ஒரு நடுப்பருவத்துல இருக்கும், ஆக்சிஜன் கொறஞ்சாலோ தொற்று வந்தாலோ மொதல்ல அடி வாங்கறது அதுதான். முன்ன எல்லாம் அந்தச் செல்லு செத்துருதுன்னுதான் நெனச்சாங்க. இப்பத் தெரியறது என்னன்னா, செத்ததுக்குப் பதிலா புதுசு பொறக்குது, ஆனா அதுங்க முதிராம நின்னுருது, மேல செவ்வாய்ப்பேட்டை தம்பிக்கு சொன்ன அதே வாசப்படி கதைதான். ஆனா பையன் மூளை இப்பத்தான் மயலின் போடற வேகத்துல இருக்கு, மொத ரெண்டு வருஷம்தான் அது அதிகம், நெத்திக்குப் பின்னாடி இருக்கற பகுதிக்கு 20 வயசு தாண்டியும் போயிக்கிட்டு இருக்கும். அதோட நரம்புல சிக்னல் ஓடஓட ஓ.பி.சி வளருதுன்னு எலில தெளிவா காட்டியிருக்காங்க, அதனால தெரபில அவன் கால ஊன்றது ஒவ்வொண்ணும் வேலதான், மலை எறங்கி வர்ற அலைச்சல நிறுத்திராதீங்க.

சாப்பாட்டுல நான் மொதல்ல கேக்கறது இரும்புச்சத்து. இரும்புத் தாது இருக்கற கஞ்சமலைய பாத்து வளந்த ஊரு நம்மளது, ஆனா மூளைக்குள்ளயும் இரும்பு அதிகமா வச்சிருக்கற செல்லு இந்த ஒலிகோடென்ட்ரோசைட்தான், மயலினுக்கு வேணுங்கற கொழுப்பு தயாரிக்கவே அதுக்கு இரும்பு வேணும். கொற மாசக் கொழந்தைங்க தாய்கிட்ட இருந்து இரும்ப முழுசா வாங்கறதுக்கு முன்னாடியே வந்துர்றாங்க. டாக்டர் குடுத்த அயர்ன் ட்ராப்ஸ் கறுப்பா மலம் போகுதுன்னு நிறுத்தியிருந்தா சொல்லிட்டு திரும்ப கேளுங்க. பசும்பால் நாள் பூரா குடுத்து சாப்பாட்டக் கொறைக்காதீங்க, இரும்பு கொறைஞ்சிரும். நெய் சாதத்துல ஒரு ஸ்பூன் போடுங்க, நல்லதுதான். பாதாம் அரச்சுக் குடுத்தா தப்பில்ல, ஆனா அதுதான் மயலின் வளக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, முழுசா மட்டும் குடுக்கவே குடுக்காதீங்க, தொண்டைல அடச்சிரும்.

கேள்வி: 40 வருஷமா தறி நெய்யறேன். ரெண்டு வருஷமா பாதம் எரியுது, மரத்துப்போன மாதிரி இருக்கு. இப்ப மிதிகட்டைய கால் தேடுது, குனிஞ்சு பாத்தாத்தான் எது மேல மிதிக்கிறேன்னு தெரியுது. ராத்திரி இருட்டுல பாத்ரூம் போனா தடுமாறுது. நான் சைவம், சுகர் மாத்திரை 8 வருஷமா சாப்பிடறேன். சுகர் நரம்புன்னு சொல்லிட்டாங்க.
— நெசவாளர், அம்மாபேட்டை

பதில்: அண்ணே, சுகராவும் இருக்கலாம், ஆனா நீங்க எழுதுனதுல அந்த மிதிகட்டை வரிதான் என்னைய ஒடனே பதில் எழுத வச்சுது. கண்ணு பாக்காமயே கால் எங்க இருக்குன்னு சொல்ற சேதி தண்டுவடத்தோட பின்பக்கப் பாதைல போகுது, நல்லா மயலின் போட்ட பாதை அது. பி12 வைட்டமின் கொறைஞ்சா மொதல்ல உப்பி உரியறது அங்க இருக்கற மயலின்தான். கண்ணு தொணை இல்லாத இருட்டுல தடுமாறறதும் அதோட ஒத்துப்போகுது. சைவச் சாப்பாட்டுல பி12 பால், தயிர், மோர்லதான் கொஞ்சம் இருக்கு, கீரைல கிடையாது. உங்க மாத்திரை மெட்ஃபார்மினா இருந்தா அது பல வருஷத்துல பி12ஐ இன்னும் கொறைக்கும்.

இந்த வாரமே ரத்தத்துல பி12 பாருங்க, ரிசல்ட் வர்ற வரைக்கும் வெறும் ஃபோலிக் ஆசிட் மாத்திரைய மட்டும் தனியா வாங்கிப் போடாதீங்க, அது ரத்தசோகைய மறச்சிரும், நரம்பு சேதம் அது பாட்டுக்குப் போயிக்கிட்டு இருக்கும். கொறைஞ்சிருந்தா ஊசி போடுவாங்க. எவ்ளோ சீக்கிரம் போடறோமோ அவ்ளோ திரும்பி வரும், அதனாலதான் அவசரப்படுத்தறேன். டாக்டர்கிட்ட எரிச்சல மட்டும் சொல்லாதீங்க, மிதிகட்டைய கால் தேடறதையும் எங்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லுங்க. அவரு ட்யூனிங் ஃபோர்க்க தட்டி உங்க கட்டைவிரல் எலும்புல வைப்பாரு, கண்ண மூடிக்கிட்டு அதிர்வு எப்ப நின்னுச்சுன்னு சொல்லச் சொல்லுவாரு.