காசநோய் வார்டுக்கு எந்த மாஸ்க்?

கேள்வி: காசநோய் வார்டில் செவிலியராக வேலை பார்க்கிறேன். மூன்றடுக்கு சர்ஜிக்கல் மாஸ்க்தான் தருகிறார்கள். பெட்டியில் ‘பி.எஃப்.இ. 99%’ (பாக்டீரியாவை வடிகட்டும் திறன்) என்று இருக்கிறது. என்95 வடிகட்டுவதோ 95%தான். பிறகு எதற்குக் கூடுதல் விலை?

பதில்: இரண்டும் வேறு வேறு பரீட்சையில் எடுத்த மார்க். பி.எஃப்.இ. சோதனையில் பாக்டீரியா கலந்த, சராசரி 3 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளிகளை மாஸ்க் துணி வழியே செலுத்துவார்கள். என்95 சோதனையில் ஏறத்தாழ 0.3 மைக்ரான் உப்புத் துகள்கள், நிமிடத்துக்கு 85 லிட்டர் வேகத்தில். பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவு அது: பெரிய துகள் இழையில் மோதி ஒட்டும், மிகச் சிறியது அலைந்து திரிந்து ஒட்டும், நடுவில் இருப்பதுதான் நழுவும்.

முகத்தில் எப்படிப் பொருந்துகிறது என்பதை இந்த இரண்டு எண்களுமே சொல்லாது. காசநோய்க் கிருமியைச் சுமக்கும் துகள்கள் 1 முதல் 5 மைக்ரான். மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். சர்ஜிக்கல் மாஸ்க் போட்டு மூச்சை இழுத்தால் காற்றில் ஒரு பகுதி கன்னத்து இடைவெளி வழியாக வடிகட்டாமல் நுழையும். அந்த மாஸ்க்கை நோயாளிக்குப் போடுங்கள்; இருமலை வாயருகிலேயே தடுக்க அது நல்ல கருவி. உங்களுக்கு என்95 அல்லது அதற்கு ஏறத்தாழ இணையான எஃப்எஃப்பி2.

கேள்வி: கடையில் ‘என்95’ என்று போட்டு மலிவாகவும் விற்கிறார்கள். அசலை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: என்95 அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான நியோஷ் தரும் தரம். அசலில் மாஸ்க்கின் மேலேயே ‘டிசி-84ஏ’ (TC-84A) என்று தொடங்கும் ஒப்புதல் எண் இருக்கும். பட்டைகள் தலையைச் சுற்றிப் போகும். காதில் மாட்டும் நாடா இருந்தாலே சந்தேகப்படுங்கள். நம் நாட்டுத் தரம் ஐ.எஸ். 9473, அதில் எஃப்எஃப்பி2 என்று தேடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கும் சி.எம்/எல் எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் உரிமம் யாருடையது என்று தெரிந்துவிடும். பில் வாங்கி வையுங்கள். போலி என்று தெரிந்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

ஆனால் அசல் மாஸ்க்கும் உங்கள் முகத்துக்குச் சேராமல் போகலாம். பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான். எனவே பெட்டியாக வாங்காதீர்கள். கிண்ண வடிவில் ஒன்று, மடிக்கும் வடிவில் ஒன்று என இரண்டு மூன்று வகை வாங்கிப் பொருத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். தலையில் உறை மாட்டி, உள்ளே சாக்கரின் என்ற இனிப்புக் கரைசலை அல்லது கசப்புக் கரைசலைத் தெளிப்பார்கள். முதலில் மாஸ்க் இல்லாமல் சுவை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்; தெரியாதவருக்குச் சோதனையே செல்லாது. பிறகு மாஸ்க்கோடு ஆழ்ந்த மூச்சு, தலையைப் பக்கவாட்டில் திருப்புதல், தலையை மேலும் கீழும் அசைத்தல், பேசுதல், இடுப்பை வளைத்துக் குனிதல். நடுவில் சுவை தட்டினால் அந்த வகை வேண்டாம். அமெரிக்காவில் ஆண்டுக்கொரு முறை இது கட்டாயம்.

தினமும் போடும்போது கீழ்ப்பட்டை காதுக்குக் கீழே பிடரியில், மேல்பட்டை உச்சியில் இருக்க வேண்டும். மூக்குக் கம்பியை இரு கை விரல்களாலும் அழுத்துங்கள். ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூர் விழுந்து சந்து உண்டாகும். மூச்சை விட்டால் கண்பக்கம் காற்று வரக்கூடாது. தாடியின் மேல் எந்த மாஸ்க்கும் ஒட்டாது.

கேள்வி: சர்ஜிக்கல் மாஸ்க்கும் என்95-உம் ஒன்றுதான் என்று ஆய்வே சொல்கிறதாமே?

பதில்: அமெரிக்காவில் 2,862 மருத்துவப் பணியாளர்களிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வைச் சொல்கிறீர்கள் போலும். ஒரு ஃப்ளூ பருவத்தில் இன்ஃப்ளூயன்சா வந்தது என்95 அணிந்தவர்களில் 8.2%, சர்ஜிக்கல் மாஸ்க் அணிந்தவர்களில் 7.2%; குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சுவாசநோயாளிக்கு 6 அடிக்குள் போகும்போதுதான் மாஸ்க் அணிந்தார்கள். வீட்டிலோ பேருந்திலோ தொற்றியதும் அந்தக் கணக்கில்தான் சேரும். மேலும் அது ஃப்ளூ. காற்று வழியே பரவும் காசநோய்க்கு அந்த முடிவை நீட்ட முடியாது.

கேள்வி: வால்வு வைத்தது வாங்கலாமா? துவைத்துப் போடலாமா?

பதில்: வால்வு வைத்த மாஸ்க் உங்களைக் காக்கும், ஆனால் நீங்கள் விடும் மூச்சு வடிகட்டாமல் வெளியேறும். 2020 ஜூலையில் மத்திய சுகாதாரத் துறை இதையே எச்சரித்தது. துவைப்பது கூடவே கூடாது. உள்ளே இருக்கும் பாலிப்ரொப்பிலீன் அடுக்கு நிலைமின்னூட்டத்தால்தான் நுண்துகளை இழுக்கிறது. சோப்போ சானிடைசரோ பட்டால் அது போய்விடும்; பார்வைக்கு மாஸ்க் புதிதாகவே இருக்கும்.

காசநோய் தொடுவதால் பரவாது என்பதால், காகித உறையில் காற்றாட வைத்து அதே ஆள் மறுபடி அணியலாம். ஐந்து முறைக்கு மேல் வேண்டாம். பட்டை தளர்ந்து பொருத்தம் கெடும். ஈரமானாலோ ரத்தம் தெறித்தாலோ அன்றே மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போடுங்கள். பட்டைகளை அறுத்துவிட்டுப் போட்டால் யாரும் எடுத்து மறுபடி விற்க முடியாது.