கேள்வி – பதில்: படகு அறையில் கடிகாரமும் காற்றழுத்தமானியும்

கேள்வி: பல நாள் தங்கி மீன்பிடிக்கும் எங்கள் விசைப்படகின் அறைக்குக் கடிகாரமும் காற்றழுத்தமானியும் வாங்க விரும்புகிறேன். எவற்றைக் கவனித்துத் தேர்ந்தெடுப்பது?
– வாசகர், தூத்தூர்

பதில்: கடிகாரத்துக்காக அதிகம் யோசிக்க வேண்டாம், உப்புக்காற்று புகாத பித்தளை உறையிட்ட குவார்ட்ஸ் கடிகாரமே போதும். வாரந்தோறும் சாவி கொடுக்கும் பழைய வகை பெரும்பாலும் அழகுக்குத்தான்.

காற்றழுத்தமானியில்தான் கவனம் தேவை. திரவமில்லாத அனிராய்டு வகையில், ஒவ்வொரு ஹெக்டோபாஸ்கலையும் (காற்றழுத்தத்தின் அலகு) தனித்தனியே படிக்கத்தக்க பெரிய முகப்புள்ளதை வாங்குங்கள். ‘மழை’, ‘தெளிவு’ என முகப்பில் அச்சிட்டிருக்கும் சொற்கள் குளிர்நாட்டு வானிலையை ஒட்டியவை, நம் கடலுக்குப் பொருந்தா. வெப்பமண்டலத்தில் அழுத்தம் நாள்தோறும் காலையும் இரவும் 10 மணியளவில் உயர்ந்தும், அதிகாலையும் மாலையும் 4 மணியளவில் தாழ்ந்தும் ஏறக்குறைய 3 ஹெக்டோபாஸ்கல் ஊசலாடுவது இயல்பு என்பதால், இன்றைய அளவை நேற்றைய அதே நேரத்து அளவோடுதான் ஒப்பிட வேண்டும். கடிகாரத்தையும் காற்றழுத்தமானியையும் அருகருகே மாட்டினால் இதற்கு வசதி. அந்த நேரத்துக்குரிய வழக்கமான அளவைவிட 5 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால், அருகில் புயல் இருப்பதாகவே கொள்ளுங்கள்.

காந்தத் திசைகாட்டியிலிருந்து தள்ளி, வெயில் படாத, எஞ்சின் அதிர்வு குறைந்த பலகையில் பொருத்தி, கரையிலுள்ள வானிலை நிலையம் தரும் கடல்மட்ட அளவுக்கு முள்ளைத் திருத்திய பிறகே புறப்படுங்கள்.