பந்தைப் பார்த்தவர் யார்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் கிரிக்கெட் செய்தித் தளங்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று எழுதியிருந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஸ்கோர் புத்தகமும் பென்சிலுமாக இருப்பவன் நான். அதில் பதினோரு ஆண்டுகள் ஓர் இணையதளத்துக்காகப் பந்துக்குப் பந்து வர்ணனை எழுதியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் அவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

தொலைக்காட்சியில் பந்துவீச்சாளர் ஓடி வருவதற்குள் கைபேசியில் ‘விக்கெட்’ என்று வந்துவிடுகிறது. ஆட்டம் பார்க்கும் சுகமே போய்விட்டது. எப்படி இவர்களுக்கு முன்கூட்டியே தெரிகிறது? – கல்லூரி மாணவர் ஒருவர்

அவர்களுக்கு முன்கூட்டித் தெரிவதில்லை, தம்பி. உங்களுக்குத்தான் தாமதமாகத் தெரிகிறது. மைதானத்தில் இருக்கும் ஸ்கோரர் பந்து முடிந்த கையோடு கணினியில் பதிந்துவிடுகிறார். யார் வீசியது, யார் ஆடியது, எத்தனை ரன், பந்து எந்தத் திசையில் போனது என்பதெல்லாம் சில தட்டல்களில் முடிந்துவிடும். வெறும் எழுத்தும் எண்ணும் என்பதால் உலகத்தின் மறுகோடிக்கும் நொடியில் போய்ச் சேரும். காட்சிக்கு அந்த வேகம் கிடையாது. கேமராவிலிருந்து ஒளிபரப்பு வண்டிக்குப் போய், அங்கிருந்து செயற்கைக்கோள் வழியாக வர வேண்டும். இணையத்தில் பார்த்தால் இன்னும் தாமதம். படத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி அனுப்புகிறார்கள். உங்கள் கருவியில் சில துண்டுகள் சேர்ந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். ஆட்டம் பார்க்கும் நேரத்தில் செயலியின் அறிவிப்பை நிறுத்தி வையுங்கள்.

வேகத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வர்ணனை எழுதத் தொடங்கிய முதல் வாரத்தில், எல்லைக்கோட்டை நோக்கி ஓடிய பந்தைப் பார்த்து ‘நான்கு’ என்று அடித்துவிட்டேன். கயிற்றுக்கு அரை அடி முன்னால் ஃபீல்டர் சறுக்கி விழுந்து தடுத்துவிட்டார். மூன்று ரன்தான். பக்கத்து நாற்காலியில் இருந்த மூத்தவர் திரும்பிப் பார்த்து, “நடுவர் கை அசையும் முன்னால் உன் விரல் அசையக் கூடாது” என்றார். அன்றுமுதல் அதுதான் எனக்கு வேதம். முதலில் தருகிற தளத்தைவிட, நடுவரின் கையைப் பார்த்துவிட்டுத் தருகிற தளம்தான் எனக்கு வேண்டும்.

ஒரே ஆட்டத்துக்கு இரண்டு தளங்களில் இரண்டு விதமாக ரன் காட்டுகிறார்கள். எதை நம்புவது? – வங்கி ஊழியர்

ஆட்டம் நடக்கும்போது இரண்டுமே தற்காலிகக் கணக்குதான். பந்து மட்டையில் பட்டதா, கால் காப்பில் பட்டதா என்பதை நடுவர் காலைத் தொட்டுக் காட்டிய பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும். அதற்குள் ஒருவர் பேட்ஸ்மேன் பெயரில் ஒரு ரன் எழுதியிருப்பார். இன்னொருவர் லெக் பை, அதாவது காலில் பட்டு வந்த ரன், என்று எழுதியிருப்பார். கிரிக்கெட் சட்டங்களில் மூன்றாவது சட்டமே ஸ்கோரர்களைப் பற்றியதுதான். இருவர் எழுத வேண்டும். இருவர் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று அடிக்கடி சரிபார்க்க வேண்டும். நடுவரின் ஒவ்வொரு சைகைக்கும் ‘பார்த்துவிட்டோம்’ என்று பதில் காட்ட வேண்டும். அந்த இருவரும் ஒப்புக்கொண்டு, நடுவர்களும் சரிபார்த்த கணக்குதான் கடைசிக் கணக்கு. ஆகவே ஆட்டம் முடிந்து சற்று நேரம் கழித்துப் பாருங்கள். தவறைத் திருத்திக்கொள்ளும் தளத்தில் எண்கள் மாறியிருக்கும்.

மைதானத்துப் பலகையே தவறு செய்த நாளும் உண்டு. 1992 உலகக் கோப்பை அரையிறுதி, சிட்னி. தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்துகளில் 22 ரன் தேவைப்பட்டபோது மழை வந்தது. ஓவர்களைக் குறைத்துவிட்டதால், திரும்பி வந்தால் ஒரு பந்துதான் மிச்சம். பலகையில் ‘ஒரு பந்தில் 22’ என்று எரிந்த காட்சியை இன்றும் படமாகப் போடுகிறார்கள். உண்மையில் தேவைப்பட்டது 21. அந்தப் பந்தில் எட்ட முடியாத எண்தான் இரண்டும். ஆனாலும் 21 என்று எழுதுகிறாரா, 22 என்று எழுதுகிறாரா என்பதை வைத்து, எழுதுபவர் படத்தைப் பார்த்து எழுதினாரா கணக்கைப் பார்த்து எழுதினாரா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஓர் எண்ணைத் தவறாகப் படித்தால் என்ன ஆகும் என்பதை 2003 மார்ச் 3 அன்று டர்பனில் பார்த்தோம். அதுவும் உலகக் கோப்பை ஆட்டம். முதலில் ஆடிய இலங்கை 268. மழை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஆட்டம் நின்றுபோனாலும் 45 ஓவர் முடிவில் 229 போதும் என்று தென்னாப்பிரிக்காவின் மார்க் பவுச்சருக்குச் செய்தி போனது. அவர் முரளிதரன் பந்தில் ஒரு சிக்சர் அடித்து 229ஐத் தொட்டார்; அடுத்த பந்தை நிம்மதியாகத் தடுத்து நிறுத்தினார். 229 என்பது சமன் ஆகும் எண். வெற்றிக்கு 230 வேண்டும். மழை கொட்டியது, ஆட்டம் சமன், போட்டியை நடத்திய நாடே வெளியேறியது. தளங்களில் ‘இந்த நேரத்தில் இருக்க வேண்டிய ஸ்கோர்’ என்று ஓர் எண் போடுவார்கள் அல்லவா? அது வெற்றிக்கான எண்ணா, சமனுக்கான எண்ணா என்று ஒரு வார்த்தை சேர்த்துப் போடும் தளத்துக்கு நான் தனி மரியாதை வைத்திருக்கிறேன்.

ஸ்கோர் அட்டை சரியா தவறா என்று சாதாரண வாசகி ஒருத்தியால் கண்டுபிடிக்க முடியுமா? – கணக்கு ஆசிரியை

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன், அம்மா. தாராளமாக முடியும். கூட்டலும் கழித்தலும் போதும்.

ஸ்கோர் அட்டை ஓர் ஆட்டத்தை இரண்டு முறை சொல்கிறது. ஒரு முறை பேட்டிங் பக்கத்திலிருந்து, மறுமுறை பந்துவீச்சுப் பக்கத்திலிருந்து. இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும். 2011 ஏப்ரல் 2, வான்கடே மைதானம், உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் இந்திய இன்னிங்ஸை எடுத்துக்கொள்வோம். சேவாக் 0, டெண்டுல்கர் 18, கம்பீர் 97, கோலி 35, தோனி 91, யுவராஜ் 21. கூட்டினால் 262. எந்த பேட்ஸ்மேன் பெயரிலும் சேராத உதிரி ரன்கள் 15: மட்டையிலும் உடலிலும் படாமல் போன பந்தில் எடுத்த பை 1, லெக் பை 6, வைடு 8. ஆக 277. அட்டையில் இருப்பதும் 277.

இப்போது எதிர்ப்பக்கம் வாருங்கள். மலிங்கா 42, குலசேகரா 64, பெரேரா 55, ரண்டிவ் 43, தில்ஷான் 27, முரளிதரன் 39. கூட்டினால் 270. ஏழு ரன் எங்கே போயிற்று? அந்த ஏழுதான் பையும் லெக் பையும். வைடும் நோபாலும் பந்துவீச்சாளர் தலையில் ஏறும்; பையும் லெக் பையும் ஏறாது. 270உடன் 7ஐக் கூட்டுங்கள்: 277.

ஓவர்களையும் விட வேண்டாம். மலிங்கா 9, பெரேரா 9, ரண்டிவ் 9, முரளிதரன் 8, தில்ஷான் 5, குலசேகரா 8.2. மொத்தம் 48.2, அதாவது 48 ஓவரும் 2 பந்தும். அந்த ‘.2’ யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்: குலசேகரா. தோனி சிக்சருக்குத் தூக்கி ஆட்டத்தை முடித்தது அவர் பந்தைத்தான். படம் ஏதும் இல்லாமல், ஒரு தசமப் புள்ளியிலிருந்து கடைசிப் பந்தை வீசியவர் யார் என்று தெரிந்துவிடுகிறது. ஆயிரக்கணக்கான அட்டைகளைக் கூட்டிப் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் ஒத்துப்போகும் அந்தக் கணத்தில் இன்றைக்கும் மனம் நிறைகிறது. மாணவர்களுக்கு ஒரு வகுப்பில் செய்து காட்டுங்கள். அவசரமாக நகல் எடுத்துப் போடும் தளங்களில், ஒரு வரி விடுபட்டதால் கணக்கு உதைப்பதை அவர்களே பிடித்துக் கொடுப்பார்கள்.

ஒரு வீரர் இறந்துவிட்டார் என்று செய்தி போடுகிறார்கள், பிறகு இல்லை என்கிறார்கள். பெரிய தளங்களே இப்படிச் செய்யலாமா? – ஓய்வு பெற்ற அரசு ஊழியர்

செய்யக் கூடாது. ஜிம்பாப்வே முன்னாள் கேப்டன் ஹீத் ஸ்ட்ரீக் விஷயத்தில் நடந்ததை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது. புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தவர். 2023 ஆகஸ்ட் 23 காலையில் அவர் இறந்துவிட்டதாக உலகம் முழுவதும் செய்தி பரவியது. அவரோடு ஆடிய ஹென்றி ஒலாங்காவே இரங்கல் எழுதிவிட்டார். சிறிது நேரத்தில் ஸ்ட்ரீக்கிடமிருந்தே செய்தி வந்தது, உயிரோடு இருக்கிறேன் என்று. ஒலாங்கா உடனே அதை வெளியிட்டுத் தன் பதிவைத் திருத்தினார். ஸ்ட்ரீக் இறந்தது செப்டம்பர் 3 அன்று. கடைசி நாட்களில் ஒரு மனிதர் தன் மரணச் செய்தியைத் தானே படிக்கும்படி செய்துவிட்டோம்.

அன்று வந்த செய்திகளில் பலவற்றைத் திறந்து பார்த்தேன். ஒன்று இன்னொன்றைக் காட்டியது. அது ஒரு சமூக வலைத்தளப் பதிவைக் காட்டியது. குடும்பத்தாரிடம் பேசினோம் என்ற வரி எதிலும் என் கண்ணில் படவில்லை. ஒரு செய்தியைத் திறந்ததும் நான் முதலில் தேடுவது அதைத்தான்: இதை நேரில் பார்த்தவர் யார், கேட்டவர் யார்? பந்துக்கும் மரணத்துக்கும் ஒரே விதிதான். ‘தகவல்கள் தெரிவிக்கின்றன’ என்று மட்டும் இருந்தால், அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பாமல் ஒரு மணி நேரம் காத்திருங்கள்.

என் மகன் ஒரு கிரிக்கெட் செய்தித் தளத்தைப் படிக்கிறான். அதில் ஒவ்வொரு செய்தியின் கீழும் ‘இன்று வெல்லப்போவது யார்’ என்று கணிப்பு வருகிறது. இது சரியான தளம்தானா? – ஒரு தாய்

உங்கள் சந்தேகம் நியாயமானது. சூதாட்ட நிறுவனங்கள் நேரடியாக விளம்பரம் செய்ய முடியாத இடங்களில், அதே பெயரிலோ சற்று மாற்றிய பெயரிலோ ஒரு செய்தித் தளம் நடத்துகின்றன. சட்டையிலும் விளம்பரப் பலகையிலும் வருவது செய்தித் தளத்தின் பெயர். மனதில் பதிவது சூதாட்டத் தளத்தின் பெயர். இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2022 அக்டோபரில் இதை வெளிப்படையாகச் சொல்லி, இப்படிப்பட்ட விளம்பரங்களைப் போட வேண்டாம் என்று அறிவுறுத்தியது. போலிச் செய்தித் தளத்தின் சின்னமும் சூதாட்டத் தளத்தின் சின்னமும் ஒன்றுபோல இருப்பதையும் அமைச்சகம் சுட்டிக்காட்டியது.

மகனோடு சேர்ந்து உட்கார்ந்து அந்தத் தளத்தைத் திறந்து பாருங்கள். செய்திக்கு மேலே எழுதியவர் பெயர் இருக்கிறதா? ஆசிரியர் யார், தவறு இருந்தால் யாருக்கு எழுதுவது என்று எங்காவது போட்டிருக்கிறார்களா? கணிப்பின் கீழே இருக்கும் பொத்தானைத் தொட்டால் எங்கே கொண்டுபோகிறது? வேறு தளத்துக்குப் போய்க் கணக்குத் தொடங்கச் சொன்னால், அந்தச் செய்தி தூண்டில் புழு. மகனைத் திட்டாதீர்கள். பிள்ளைக்குக் கிரிக்கெட் மேல் ஆசை. அந்த ஆசையைத்தான் இவர்கள் விலை பேசுகிறார்கள். இதில் எனக்கு உள்ள கோபம் சொல்லி மாளாது.

இந்த இணைய ஸ்கோரையெல்லாம் முதன்முதலில் தொடங்கியது எந்த நிறுவனம்? – நூலகர்

நிறுவனம் தொடங்கியதில்லை, ஆர்வலர்கள் தொடங்கியது. கிரிக்கின்ஃபோ தளம் 1993இல் பிறந்தது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்த சைமன் கிங் என்ற ஆங்கிலேயர் தொடங்கிவைத்தார். வானொலியில்கூடக் கிரிக்கெட் எட்டாத ஊர்களில் படித்துக்கொண்டிருந்த மாணவர்களும் ஆய்வாளர்களும் சம்பளம் இல்லாமல் ஸ்கோரைத் தட்டச்சு செய்து ஒருவருக்கொருவர் அனுப்பினார்கள். 2003இல் விஸ்டன் குழுமத்தின் கைக்கும், 2007இல் இஎஸ்பிஎன் கைக்கும் போனது. கிரிக்பஸ் தளம் 2004இல் வந்தது.

கபில்தேவ் ஜிம்பாப்வேக்கு எதிராக அடித்த 175 ரன்களின் காணொளி எந்தத் தளத்தில் கிடைக்கும்? – நீண்டநாள் வாசகர்

எந்தத் தளத்திலும் கிடைக்காது, ஐயா. 1983 ஜூன் 18, உலகக் கோப்பை ஆட்டம், இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ். அந்த ஆட்டம் தொலைக்காட்சிக்காகப் படம்பிடிக்கப்படவில்லை. ‘அரிய காணொளி’ என்று தலைப்பு வைத்திருப்பவை வேறு ஆட்டங்களின் துண்டுகள், தொட்டு ஏமாறாதீர்கள். நமக்கு இருப்பது அட்டைதான். இந்தியா 17 ரன்னுக்கு 5 விக்கெட். கபில் 138 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 175, 16 பவுண்டரி, 6 சிக்சர். கிர்மானி ஆட்டமிழக்காமல் 24. ஒன்பதாவது விக்கெட்டுக்கு இருவரும் சேர்ந்து பிரியாமல் 126. அந்த 24ஐ மட்டும் கொஞ்ச நேரம் பாருங்கள். எதிர்முனையில் ஒருவர் எவ்வளவு பொறுமையாக நின்றிருக்கிறார்!

கிரிக்கெட் எழுத்தாளர் ஆக ஆசை. எங்கிருந்து தொடங்குவது? – பதினோராம் வகுப்பு மாணவி

கருத்து எழுதுவதிலிருந்து தொடங்க வேண்டாம், கண்ணு. முதலில் சட்டப் புத்தகத்தைப் படி; கிரிக்கெட் சட்டங்களை வகுக்கும் எம்சிசி சங்கத்தின் 42 சட்டங்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2019 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்தின் கப்டில் எறிந்த பந்து இங்கிலாந்தின் ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு எல்லைக்கோட்டுக்கு ஓடியபோது நடுவர்கள் ஆறு ரன் கொடுத்தார்கள். எறிந்த கணத்தில் பேட்ஸ்மேன்கள் இரண்டாவது ரன்னுக்கு ஒருவரையொருவர் கடந்திருக்கவில்லை, 19.8ஆம் சட்டப்படி ஐந்துதான் கொடுத்திருக்க வேண்டும் என்று முன்னாள் நடுவர் சைமன் டஃபல் விளக்கினார். உலகமே ‘அதிர்ஷ்டம்’ என்று எழுதிக்கொண்டிருந்தபோது, சட்டத்தைப் படித்தவர்களிடம்தான் செய்தி இருந்தது.

கிரிக்ஷீட் என்ற தளத்தில் ஆயிரக்கணக்கான ஆட்டங்களின் பந்துக்குப் பந்து விவரம் இலவசமாகக் கிடைக்கிறது. கணினி தெரிந்தால் அதில் விளையாடிப் பார்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. உன் பள்ளியில் நடக்கும் அடுத்த ஆட்டத்துக்குக் கோடு போட்ட நோட்டும் இரண்டு பென்சிலும் எடுத்துக்கொண்டு போ. ஒரு பந்தும் விடாமல் எழுது. முதல் நாள் எங்கோ மூன்று ரன் உதைக்கும். எந்த ஓவரில் என்று பின்னோக்கித் தேடிக் கண்டுபிடி. கண்டுபிடிக்க முடியாவிட்டால் அந்தத் தாளை இந்த இதழின் முகவரிக்கு அனுப்பு. நானும் கூட்டிப் பார்க்கிறேன்.